விதி பத்தொன்பது

வெள்ளி ராத்திரி பதினொன்றேகாலுக்கு
தேசிங்கு செத்துப்போன செய்தி வந்தபோது
வாக்குச்சீட்டு நானூற்றைம்பதும்
என் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தன.
காசிமேடு ஐஸ் உடைப்போர் சங்கம், தலைவர் பதவி.
ஒன்று, தேசிங்கு. சின்னம் கொக்கி.
இரண்டு, பாஸ்டின். சின்னம் கூடை.
ஞாயிறு காலை எட்டுக்கு ஓட்டு.

பழைய வண்ணாரப்பேட்டையில் என் அச்சுக்கடை.
காதுகுத்தும் தேர்தலும் சாவும்
ஒரே மிஷினில்தான் ஓட்டுகிறேன்.

விடியலில் செயலாளர் கஜபதி
ஓரம் கரையான் தின்ற விதிப்புத்தகத்தோடு வந்தார்.
விதி பத்தொன்பது:
வேட்பாளர் விலகலாம்,
மூன்று நாள் முன்னதாக, கையொப்பமிட்டு.
இறந்தால் என்று ஒரு வரி இல்லை.
இருபதில் இருக்குமோ என்று புரட்டினோம்.
இருபது, சந்தா பாக்கி.

"செத்தா விலகுன மாதிரிதானே சார்?"
"கையெழுத்து யாரும்மா போடறது?"

கட்டைவிரலை எடுத்து வைத்துவிடலாம் என்று
யாரோ சொன்னானாம்.
பாஸ்டின் அவனை அறையப் போனாராம்.
போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்தால் முடிந்தது வேலை,
அவர் ஆட்களே சொன்னார்கள்.
"பொணத்த மெதிச்சி நாற்காலி ஏற மாட்டேன்.
ஓட்டு நடக்கட்டும்."
பெருந்தன்மையா,
எப்படியும் ஜெயிப்போம் என்ற கணக்கா,
எனக்குத் தெரியாது.

மத்தியானம் சுவரொட்டிக்கு ஆர்டர் வந்தது.
வேறு படம் இல்லை.
தேர்தலுக்கு எடுத்ததுதான்:
இரவல் வெள்ளைச் சட்டை, கூப்பிய கை,
சிரிப்பை முந்திக்கொண்ட ஒரு பல்.
மேல்வரியை மட்டும் மாற்றினேன்.
வாக்களிப்பீர் போய்
கண்ணீர் அஞ்சலி.
கீழே 'என்றும் உங்கள் சேவையில்' என்றிருந்ததை
எடுக்க மறந்துபோனேன்.
ஒட்டிய பிறகும் யாரும் கேட்கவில்லை.

குவைத்திலிருந்து மகள் வந்துசேர
ஞாயிறு சாயங்காலம் ஆகும்.
வாசல்வரை வந்த குளிர்பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.
முப்பத்திரண்டு வருஷம் ஐஸ் உடைச்ச மனுஷனுக்கு
வாடகைக் குளிரா?
பார் பாராக இறக்கி
முறைபோட்டு உடைத்தார்கள், இரண்டு இரவு.
தெருவெல்லாம் தண்ணீர்,
அதில் நாய்கள் படுத்துக்கொண்டன.

ஓட்டுப் போட வந்தவர்கள்
நேராக அங்கிருந்து வந்தார்கள்.
கையெல்லாம் ஈரம்.
சீட்டை வாங்கினால் சீட்டு ஊறியது,
கொக்கியில் குத்திய முத்திரை
கூடைவரை வழிந்தது.
என் மைதான். மட்டமான மை இல்லை,
சொல்லிவிடுகிறேன்.

தேசிங்கு இருநூற்றி ஒன்று.
பாஸ்டின் நூற்று அறுபத்து நான்கு.
செல்லாதவை முப்பத்தெட்டு.

கஜபதி படித்து முடித்ததும்
பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
ஜெயித்தவருக்கென்று வாங்கிவைத்த சம்பங்கி மாலையை
பாஸ்டின்தான் எடுத்துக்கொண்டு நடந்தார்.
அந்த மாலையைச் சங்கக் கணக்கில் எழுதுவதா
சாவுக் கணக்கில் எழுதுவதா என்று
இன்னும் சண்டை.

மூன்றாம் நாள் பூங்காவனம் வந்தார்,
காரியப் பத்திரிகைக்கு.
ஜெயித்தவர் ஏழு நாளுக்குள்
பதிவேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால்
இடம் காலி என்று
யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.
"பேருக்கு முன்னால தலைவர்னு போடு கண்ணு.
இன்னும் நாலு நாள் கீதுல்ல."
போட்டேன். கொஞ்சம் பெரிய எழுத்தில்.

மாதம் கழித்து மறுதேர்தல்.
பாஸ்டின் ஸ்டூடியோவுக்குப் போகாமல்
என் கடைக்கே வந்தார்.
இங்கேயே ஒரு படம் எடுத்துவிடு என்றார்.
நீலத்துணி கட்டினேன், விளக்கைத் திருப்பினேன்.
கும்பிடுங்கண்ணே என்றேன்.

"கும்பிட மாட்டேன்.
கும்பிட்டா அது அதுக்கும் ஆவும், இதுக்கும் ஆவும்."

சரி என்று கேமராவைத் தூக்கினேன்.
இடுப்பில் வைத்தார், எடுத்தார்.
பையில் விட்டார், எடுத்தார்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.